சித்திரையிலும் காயாத ஈரம்: கடலூர் வீட்டுத் தளம் ஒன்றின் பழுதும் பராமரிப்பும்

கடலூரில், கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கும் ஒரு தனி வீடு. 1996-இல் கட்டியது. தரைத்தளம் மட்டும்தான், மேலே மொட்டை மாடி. அந்த மாடித் தளத்தின் பரப்பு ஏறத்தாழ 1,100 சதுர அடி. 5 அங்குலக் கான்கிரீட், அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்ட 3 அங்குலச் சுருக்கி, அதற்கும் மேல் தட்டோடு என்னும் தட்டையான சுட்ட ஓடு. தமிழ்நாட்டில் அந்தக் காலத்தில் கட்டிய பல கான்கிரீட் வீடுகளுக்கு இதுதான் தளம். ஒழுங்காகப் போட்டு ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் ஐம்பது வருஷம் தாராளமாகத் தாங்கும் என்பது என் உறுதியான எண்ணம். இந்த வீட்டில் முப்பது வருஷம்கூட ஆகாமல் படுக்கையறைக் கூரையில் கம்பி வெளியே தெரிந்தது.

வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர். 2015 நவம்பரில் கடலூரையே மூழ்கடித்த மழையில்தான் முதன்முதலாகக் கூரையில் ஈரத்திட்டு தெரிந்தது. அடுத்த வருஷமே மாடி முழுக்க வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்தார்கள். மூன்று வருஷத்தில் அது உரிந்ததும், மேலேயே இன்னொரு தடவை அடித்தார்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டரைத் தாண்டி மழை கொட்டியது. கடலூரும் அந்த மழையில் நனைந்து ஊறியது. மார்கழியில் ஒருநாள் பகல் நேரத்தில், படுக்கையறைக் கூரையின் பூச்சு ஒரு தாம்பாளம் அளவுக்குப் பெயர்ந்து கட்டில்மேல் விழுந்தது. நல்லவேளை, அப்போது கட்டிலில் யாரும் இல்லை.

நான் போய்ப் பார்ப்பதற்குள் வேறு சிலரும் வந்து பார்த்து ஆளுக்கொரு யோசனை சொல்லியிருந்தார்கள். இன்னும் நல்ல கெமிக்கலாக வாங்கி மூன்றாவது கோட்டிங் அடிக்கலாம் என்றார் ஒருவர். இருப்பதன் மேலேயே புதிதாகச் சுருக்கி போட்டுக் கூலிங் டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்பது அடுத்த யோசனை. மாடி முழுக்கத் தகர ஷெட் போட்டால் மழையே தளத்தில் விழாதே என்றும் சொல்லியிருந்தார்கள். தளத்தை இடித்துப் புதிதாகப் போடுவதுதான் வழி என்று பயமுறுத்தியவரும் உண்டு. தண்ணீர் எங்கே நுழைகிறது என்ற கேள்வியை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

சித்திரையில் கிடைத்த துப்பு

நான் முதலில் போனது ஏப்ரல் கடைசியில். நல்ல வெயில், மழை பெய்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது. ஏணி போட்டு ஏறிக் கூரையைத் தொட்டுப் பார்த்தால், பெயர்ந்த இடத்தைச் சுற்றிக் கை ஈரமாகியது. மழைதான் காரணம் என்றால் சித்திரை வெயிலில் அங்கே ஈரம் இருக்கக் கூடாது. அப்படியானால் மழையில்லாத நாளிலும் மேலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது.

மாடிக்குப் போனோம். தென்மேற்கில், கன்னி மூலையில், செங்கல் மேடை கட்டி 1,000 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க் வைத்திருந்தார்கள். டேங்க் நிரம்பினால் தண்ணீர் வெளியேற ஒரு குழாய் இருந்தது. அதன் வாய் எந்தக் குழாயோடும் சேராமல் தட்டோட்டின்மேல் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே பாசி படிந்து பச்சையாக இருந்தது. தட்டோடுகளின் சந்துக் கலவை அந்த இடத்தில் முழுக்கக் கரைந்துபோய், சந்துக்குள் ஒரு குச்சியை விட்டால் அரை அங்குலம் இறங்கியது.

“டேங்க் நிரம்பினது உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன்.

“தண்ணி கொட்டுற சத்தம் கேட்டாத்தான் மோட்டார நிறுத்துவோம் தம்பி” என்றார் ஆசிரியரின் மனைவி.

தினமும் காலையில், நிறுத்துவதற்குள் சில நிமிடம், அந்த மூலையில் தண்ணீர் கொட்டியிருக்கிறது. வருஷம் முழுக்க, பல வருஷமாக. அந்தத் தெருவின் போர்த் தண்ணீர் லேசாக உப்புக் கரிக்கும். கம்பியை அரிப்பதில் வெறும் ஈரத்தைவிட உப்பு ஈரம் பல மடங்கு மோசம்.

சரி, தண்ணீர் கொட்டுவது கன்னி மூலையில். கூரை பெயர்ந்ததோ அங்கிருந்து பன்னிரண்டு அடி தள்ளி, படுக்கையறை நடுவில், மின்விசிறிக் கொக்கிக்குப் பக்கத்தில். இதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். சந்து வழியாக இறங்கும் தண்ணீர் உடனே கீழே சொட்டாது. செங்கல் ஜல்லிக்குள் ஊறி, சுருக்கிக்கும் கான்கிரீட்டுக்கும் இடையில் பள்ளம் பார்த்து ஓடும். கான்கிரீட்டில் எங்கே வெடிப்போ மின்குழாயோ இருக்கிறதோ அங்கே வந்துதான் இறங்கும். ஒழுகுகிற இடத்துக்கு நேர் மேலே பூசிக்கொண்டிருந்தால் ஒழுக்கு நிற்காது.

இது வெறும் ஊகமாக நின்றுவிடக் கூடாது என்பதற்காக மாடியை வயல்போலப் பாத்தி பாத்தியாகப் பிரித்தோம். சிமென்ட் கலவையில் மூன்று அங்குல வரப்பு வைத்து, ஒரு பாத்தியில் தண்ணீர் தேக்கி இரண்டு நாள் விடுவது, கீழே பார்ப்பது, அப்புறம் அடுத்த பாத்தி. டேங்க் பாத்தியில் நிரப்பியபோது கொக்கிப் பக்கம் சொட்டத் தொடங்கியது. வடமேற்குப் பாத்தியில் நிரப்பியபோது கைப்பிடிச்சுவர் ஓரமாக ஈரம் இறங்கியது. கிழக்குப் பாதியில் ஒன்றுமே இல்லை. வேலையின் அளவைத் தீர்மானித்தது இந்தச் சோதனைதான். தளத்தின் பாதி நன்றாக இருக்கும்போது அதைத் தொட வேண்டியதில்லை.

வாட்டமும் குழாய் வாயும்

அடுத்து டியூப்பில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்தோம். சுருக்கியில் 10 அடிக்கு ஒன்றரை அங்குலமாவது வாட்டம், அதாவது சரிவு, இருந்தால்தான் தண்ணீர் தேங்காமல் ஓடும். இங்கே மேற்குப் பாதியில் 10 அடிக்கு அரை அங்குலம்கூட இல்லை. அதைவிட மோசம், மழைநீர் இறங்கும் குழாயின் வாய். இரண்டு முறை அடித்த கோட்டிங், இடையில் யாரோ ஒட்டுப்போட்ட சிமென்ட், எல்லாம் சேர்ந்து குழாய் வாயைச் சுற்றி முக்கால் அங்குலம் மேடாகியிருந்தது. தண்ணீர் அந்த மேட்டை ஏறித்தான் குழாய்க்குள் போக வேண்டும். ஏறும்வரை அங்கேயே நிற்கும். சுமார் 150 சதுர அடிப் பரப்பில் அப்படி நின்றது. சராசரி ஆழம் ஒரு சென்டிமீட்டர் என்று வைத்தாலும் 140 லிட்டர்.

இரண்டு குழாய்களில் ஒன்றின் வாயில் சருகும் காக்கை கொண்டுவந்து போட்ட குச்சிகளும் அடைத்திருந்தன. அவற்றுக்கு நடுவே ஓர் அரசங்கன்று முளைத்து, வேர் கைப்பிடிச்சுவர் வெடிப்புக்குள் போயிருந்தது. இரண்டுமே 3 அங்குலக் குழாய்கள். ஒரு நாளில் 40 சென்டிமீட்டர் மழை என்றால் இந்தத் தளத்தில் மட்டும் விழுவது ஏறத்தாழ 40,000 லிட்டர். அவ்வளவும் அடைபடாத ஒரே 3 அங்குலக் குழாய் வழியாக இறங்க வேண்டியிருந்தது. ஃபெஞ்சல் அன்று மாடி குளமாகத்தான் நின்றிருக்கும்.

இந்த நிலையில் எவ்வளவு விலையுயர்ந்த கோட்டிங் அடித்தாலும் பயன் இல்லை. இதை நான் எல்லா வீட்டிலும் சொல்கிறேன், சலிக்காமல் சொல்வேன். கோட்டிங் என்பது ஓடும் தண்ணீரைத் தடுக்கும். நாள்கணக்கில் நிற்கும் தண்ணீரைத் தடுத்து நிறுத்த, பிரஷ்ஷில் அடிக்கிற சாதாரணக் கோட்டிங்கால் முடியாது. இந்த வீட்டில் இன்னொன்றும் நடந்திருக்கிறது. சுருக்கி ஏற்கெனவே ஈரமாக இருந்தபோது மேலே பிளாஸ்டிக் படலம்போலக் கோட்டிங் போட்டுவிட்டார்கள். உள்ளே இருந்த ஈரம் வெயிலில் ஆவியாகி வெளியேற வழியில்லாமல், கோட்டிங்கைக் கொப்புளம் கொப்புளமாகத் தூக்கிவிட்டது. சுண்ணாம்புச் சுருக்கி, வாங்கிய ஈரத்தை வெளியேவிட்டுக் காய வேண்டிய பொருள். அதன் வாயை அடைப்பது நல்லதல்ல.

டிஷ் ஆன்டெனா தாங்கியைத் தட்டோட்டைத் துளைத்து நான்கு போல்ட்டில் முடுக்கியிருந்தார்கள். அதுவும் ஒரு நுழைவாசல்.

கம்பியின் நிலை

கூரையின் அடிப்பக்கத்தை மேஸ்திரி சுத்தியலின் பின்பக்கத்தால் ஒவ்வொரு சாணுக்கும் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல கான்கிரீட் ‘கிண்’ என்று கெட்டியாகச் சத்தம் கொடுக்கும். கம்பி துருப்பிடித்து வீங்கிப் பிளந்த இடம் ‘பொத்’ என்று கேட்கும். ‘பொத்’ கேட்ட இடங்களைச் சாக்பீஸால் வளைத்துப் போட்டார். பூச்சு விழுந்திருந்தது ஒரு தாம்பாள அளவுதான். சாக்பீஸ் கோடுகளைச் சேர்த்து அளந்தால் 40 சதுர அடிக்கு மேல்.

கொத்தி எடுத்ததும் புதிதாக வெளியே தெரிந்த கான்கிரீட் முகத்தில் ஃபினாஃப்தலீன் கரைசலைத் தெளித்தேன். ஆசிரியர் உடனே முன்னால் வந்துவிட்டார். “காரம் இருந்தா இளஞ்சிவப்பு வரணும்ல தம்பி?” என்றார். ஆமாம். நல்ல கான்கிரீட்டில் காரத்தன்மை பி.எச். 12-ஐத் தாண்டி இருக்கும். அந்தக் காரம்தான் கம்பியின்மேல் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கி, துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்கிறது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு உள்ளே ஊடுருவ ஊடுருவக் காரம் குறையும். பி.எச். 9 அளவுக்கு இறங்கினால் நிறம் வராது, கம்பிக்குக் காப்பும் கிடையாது. உப்பு சேர்ந்தால், காரம் இருக்கும்போதே அந்தக் காப்பு உடைந்துபோகும். நாங்கள் தெளித்த இடத்தில் மேற்பகுதி இளஞ்சிவப்பானது. கம்பியைச் சுற்றியும் அதற்குக் கீழேயும் வெறும் சாம்பல் நிறம்தான். கம்பிக்குக் கீழே 20 மில்லிமீட்டர் கான்கிரீட் இருந்திருக்க வேண்டும். அளந்தால் 10 இருந்தது. தளம் போட்ட அன்று, கம்பியைத் தூக்கி நிறுத்தும் சிறு கட்டைகளான கவர் பிளாக்கைச் சரியாக வைக்கவில்லை.

துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த வீக்கம்தான் காரையைத் தள்ளிவிடுகிறது. வெர்னியர் வைத்து அளந்ததில், 8 மில்லிமீட்டர் கம்பிகள் சில இடங்களில் 7 ஆகத் தேய்ந்திருந்தன. ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். கம்பியின் வலு அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. கணக்குப் போட்டால் 23 சதவீதம் போய்விட்டது. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் பக்கத்திலேயே புதுக் கம்பி சேர்த்துக் கட்டுவது வழக்கம். அப்படிப்பட்ட இடங்கள் இங்கே குறைவுதான். தளத்தை இடிக்க வேண்டிய கட்டத்துக்கு வீடு வரவில்லை என்று அப்போதுதான் தைரியமாகச் சொல்ல முடிந்தது.

ஏன் மற்ற யோசனைகளை ஏற்கவில்லை

பழைய சுருக்கியின்மேல் புதுச் சுருக்கி போடும் யோசனை ஆசிரியருக்குப் பிடித்திருந்தது. கொத்தி எடுக்கும் தூசியும் சத்தமும் இருக்காது என்பது அவர் எண்ணம். பாரத்தைக் கணக்குப் போட்டுக் காட்டினேன். 3 அங்குலச் சுருக்கி ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 140 கிலோ. ஆட்கள் ஏறி நடமாடும் தளத்துக்கு, கட்டடப் பாரங்களுக்கான இந்திய விதியான ஐ.எஸ். 875 வைத்திருக்கும் பயன்பாட்டுப் பாரமே சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோதான். அதாவது ஆட்களுக்காக ஒதுக்கிய இடத்தை அந்த இரண்டாவது சுருக்கியே முழுக்கத் தின்றுவிடும். வீடு முழுக்கச் சேர்த்தால் 14 டன். அதுவும் கம்பி தேய்ந்துகொண்டிருக்கும் தளத்தில்! தமிழ்நாட்டில் நிறைய வீடுகளில் இதைச் செய்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்.

தகர ஷெட் யோசனை வேறு ஊரில் என்றால் யோசித்திருக்கலாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் தகரமும் ஆஸ்பெஸ்டாஸ் ஓடும் பறந்ததைக் கடலூர்க்காரர்களுக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. ஷெட்டின் கால்களை ஊன்றவும் தளத்தைத்தான் துளைக்க வேண்டும்.

செய்த வேலை

முதல் நாளே செய்தது பெரிய செலவில்லாத வேலை: டேங்கின் வழிகுழாயை நீட்டி, நேராக மழைநீர்க் குழாயோடு இணைத்தோம். டேங்க் நிரம்பினால் மோட்டார் தானாக நிற்க ஒரு மிதவை சுவிட்ச் பொருத்தினோம். இரண்டே வாரத்தில் படுக்கையறைக் கூரையின் ஈரம் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது.

வேலையின் வரிசை முக்கியம். எப்போதும் மேலே முடித்துவிட்டுத்தான் கீழே. பெயர்ந்த கூரையைப் பார்க்கப் பயமாக இருப்பதால் பலரும் அதை முதலில் பூசிவிடுகிறார்கள். மேலிருந்து ஈரம் வரும்வரை அந்தப் பூச்சு நிற்காது. ஆகவே படுக்கையறையில் சவுக்கு முட்டு கொடுத்துப் பலகை வைத்துத் தாங்கிவிட்டு, மாடி வேலையைத் தொடங்கினோம்.

மேற்குப் பகுதியில் 300 சதுர அடிக்குத் தட்டோட்டையும் சுருக்கியையும் எடுத்தோம். இயந்திரத்தில் இடித்தால் சீக்கிரம் முடியும், ஆனால் அந்த அதிர்வில் நல்ல கான்கிரீட்டும் வெடிக்கும். உளியும் சுத்தியலும் மட்டும்தான். கான்கிரீட் முகம் வெளியே வந்ததும் கழுவிக் காயவிட்டு, வெடிப்புகளை ‘வி’ வடிவில் வெட்டி, பாலிமர் சேர்த்த சிமென்ட் கலவையால் அடைத்தோம். கைப்பிடிச்சுவரும் தளமும் சேரும் மூலை எப்போதும் பலவீனமானது. வெயிலில் தளம் ஒரு மாதிரி நீளும், சுவர் ஒரு மாதிரி நீளும். 9 மீட்டர்க் கான்கிரீட் 30 டிகிரி சூடேறினால் இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் நீண்டுவிடும், செங்கல் சுவர் அதே அளவுக்கு நீளாது. அந்த மூலையில் சாய்வாகக் கலவை வைத்து, கண்ணாடியிழை வலை பதித்து, எஸ்.பி.ஆர். என்னும் செயற்கை ரப்பர் பாலும் சிமென்ட்டும் கலந்த பூச்சை இரண்டு கோட்டாக அடித்தோம். சுவரில் ஓர் அடி உயரம்வரை ஏற்றினோம். வேர் போன இடத்தில் சுவரைத் திறந்து அரசங்கன்றின் வேரை முழுக்க எடுத்தோம். மேலே வெட்டிவிட்டால் அது மறுபடி தழைக்கும்.

பிறகு சுருக்கி. இதில்தான் எனக்கு மனம் நிறைந்தது. சுருக்கி அடிக்கத் தெரிந்தவர்கள் இப்போது குறைந்துவிட்டார்கள். மேஸ்திரி தனக்குத் தெரிந்த நான்கு அம்மாக்களைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கூட்டிவந்தார். செங்கல் ஜல்லியையும் நீற்றிய சுண்ணாம்பையும் கலந்து பரப்பி, வாட்டம் பிடித்ததும், அவர்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் அடித்துக்கொண்டே நகர்ந்தார்கள். இடையிடையே கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்தார்கள். முதல் நாள் கட்டை பட்ட இடமெல்லாம் பள்ளம் விழுந்தது. அடிக்க அடிக்கச் சத்தம் மாறியது. கடைசியில் கட்டை தானாக எகிறித் திரும்பியது, தளத்தில் தடம் விழவில்லை. “இப்ப போதும் சார், இனிமே அதுவே பாத்துக்கும்” என்றார் அவர்களில் மூத்தவர். ஒரு வாரத்துக்கு மேல் ஈரச் சாக்கு போட்டு ஆறவைத்து, அப்புறம்தான் தட்டோடு பதித்தோம்.

குழாய் வாயைக் கொத்தி, சுற்றியுள்ள தட்டோட்டைவிட முக்கால் அங்குலம் தாழ்த்தி, 4 அங்குலக் குழாய்களாக மாற்றினோம். 3 அங்குலத்தைவிட 4 அங்குலக் குழாயின் வாய்ப் பரப்பு ஏறத்தாழ 1.8 மடங்கு. கிழக்குப் பாதியில் உரிந்த கோட்டிங்கைச் சுரண்டிவிட்டு, சந்துகளை மட்டும் கழுவிப் புதிதாக அடைத்தோம்.

கீழே வேலை எளிது, பொறுமை மட்டும் வேண்டும். துருப்பிடித்த கம்பியின் பின்பக்கம் வரை விரல் போகும் அளவுக்குக் கொத்தி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துத்தநாக பிரைமர் அடித்து, தேவைப்பட்ட இடத்தில் புதுக் கம்பி கட்டி, பாலிமர் கலவையை மெல்லிய அடுக்குகளாக ஏற்றினோம். மொத்தமாக அப்பினால் தன் பாரத்தாலேயே விழும்.

பருவமழைக்குப் பிறகு

போன வடகிழக்குப் பருவமழை முடிந்து தை மாதத்தில் மறுபடி தட்டிப் பார்த்தோம். எங்கும் ‘பொத்’ சத்தம் இல்லை, ஈரத்திட்டு இல்லை. பழைய தட்டோடும் புதிய தட்டோடும் சேரும் கோட்டில் மட்டும் முடி அளவு வெடிப்பு ஓடியிருந்தது. அதை அடைத்தாயிற்று. ஒரு பருவம் போதாது, இன்னும் இரண்டு பருவமாவது பார்க்க வேண்டும். உப்பு ஏறிய கான்கிரீட்டில், பழுதுபார்த்த இடத்துக்குப் பக்கத்திலேயே புதிதாகத் துரு தொடங்குவது உண்டு.

ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்த பராமரிப்பு வேலைகள் எல்லாம் சாதாரணமானவை. புரட்டாசி முடிவதற்குள், ஐப்பசி மழை பிடிக்கும் முன், மாடியைப் பெருக்கி, குழாய் வாயின் சல்லடையைக் கழற்றிச் சுத்தம் செய்து, எதிர்மூலையில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி அது எந்த வழியில் எவ்வளவு வேகத்தில் போகிறது என்று நின்று பார்ப்பது. ஊற்றி அரை மணி நேரம் கழித்தும் ஈரம் குளமாக நின்றால் அங்கே சாக்பீஸில் வட்டம் போட்டு வைப்பது. சுவரிலும் சந்திலும் முளைத்த கன்றுகளை இரண்டு இலை விடும்போதே வேரோடு பிடுங்குவது. பூந்தொட்டியைத் தட்டோட்டின்மேல் நேராக வைக்காமல் காலுள்ள தாங்கியில் வைப்பது. மாடியில் விறகு பிளப்பதும் உரலில் இடிப்பதும் கூடாது. தை மாதத்தில் கீழிருந்து கூரையை ஒருமுறை தட்டிப் பார்ப்பது. சந்துக் கலவை கரைந்த இடத்தை அந்த வருஷமே அடைப்பது.

ஆன்டெனாவைக் கைப்பிடிச்சுவரின் பக்கவாட்டுக்கு மாற்றியாயிற்று. இப்போது சூரிய மின்தகடு வைக்கலாமா என்று ஆசிரியர் கேட்டிருக்கிறார். துளை போடாமல் கான்கிரீட் கட்டைகளின் பாரத்தில் நிறுத்தலாம் என்று விற்பவர்கள் சொன்னார்களாம். புயல் காற்று தகட்டைத் தூக்கும் வேகத்தைத் தாங்க எவ்வளவு பாரம் வேண்டும், அந்தப் பாரத்தை இந்தத் தளம் தாங்குமா என்று இரண்டு பக்கமும் கணக்குப் போட வேண்டும். கணக்கு ஒத்துவராவிட்டால், கீழே சுவர் இருக்கும் கோட்டுக்கு நேர் மேலே மட்டும், சுருக்கியைத் திறந்து கான்கிரீட்டோடு சேர்த்துப் பீடம் கட்டி, சுற்றிலும் வலை பதித்துப் பூச்சு ஏற்றித்தான் வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். அந்த வேலையை மாசி, பங்குனியில் செய்வதாக இருக்கிறோம்.